பகலில் ஓடாத கணினி

அண்ணி,

என் மகன் அனுப்பிய புது மடிக்கணினி இன்று காலை வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை குப்பென்று மேலேறியது. அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த வாசனை முதன்முதலாக நம் வீட்டுக்குள் வந்த நாளில் உங்கள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத்தானே தெரியும்.

எண்பதுகளின் கடைசி அது. மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி அண்ணன். மேட்டின் மேல் கிராணி வீடு, கீழே தொழிலாளர்களின் லயத்து வீடுகள், கண்ணுக்கெட்டிய வரை தேயிலை. கல்யாணத்துக்கு முன் நீங்கள் தாப்பாவில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தீர்கள். இங்கே வந்ததும் அது நின்றுபோனது. "கிராணி பொண்டாட்டி வேலைக்குப் போனா நாலு பேரு என்னா பேசுவாங்க?" என்றார் அண்ணன். அப்பா அம்மா போனபின் நானும் அவர் நிழலில்தான் இருந்தேன். அவர் அலுவலகம் போனதும் நாம் இருவரும் சன்னலருகே நிற்போம். பனி விலகும், மறுபடி மூடும். "கதவு தொறந்துதான் இருக்கு செல்வி. எங்க போறதுன்னுதான் தெரியல" என்று ஒருநாள் சொன்னீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள்.

அண்ணன் கல்நெஞ்சக்காரர் இல்லை. உங்கள் விரல்கள் மேசை விளிம்பில் தட்டிக்கொண்டே இருப்பதை அவரும் பார்த்திருக்க வேண்டும். "வேலைக்குத்தான் வேணாம்னேன். வீட்டுக்கு ஒரு கம்பியூட்டர் வாங்கிப் போடுறேன், இருந்த இடத்துலயே தட்டிக்க" என்று நம்மை ஈப்போவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கடையில் உங்கள் கண் போனது மூலையில் இருந்த ஒரு சின்னப் பெட்டியின் மேல். யாரோ வெள்ளைக்காரப் பொறியாளர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. மூடியில் கீறல். புத்தகம் போல மடங்கும், மின்கலத்தில் ஓடும். நம் தோட்டத்தில் மின்சாரம் மாலையில்தான் வரும், படுக்கிற நேரத்தில் நின்றுவிடும் என்பதை நினைத்து நீங்கள் அதைத் தேர்ந்தீர்கள். ராத்திரியில் மின்னேற்றி வைத்தால் பகலில் குசினியில் அடுப்புப் பக்கமே வைத்துத் தட்டலாம்.

"யாரோ பாவிச்சத வாங்குறதா?" என்றார் அண்ணன். "சின்னதா வேற இருக்கு. ஹால்ல வெச்சா எடுப்பா இருக்க வேணாமா?"

"பகல்ல கரண்டு இருக்காதுங்க..."

"பகல்ல உனக்கு வேற வேல இல்லியா?"

கடை முதலாளியான சீனத் தவுக்கே அண்ணனைப் பார்த்து, யார் உபயோகத்துக்கு என்று மலாயில் கேட்டார். "வீட்டுக்கு" என்றார் அண்ணன். புது பிளாஸ்டிக் வாசனையோடு பெரிய கணினி வந்தது.

விளக்கு எரியும் நேரத்தில் அண்ணன் வீட்டில் இருப்பார். சோறு, குழம்பு, அவரைப் பார்க்க வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி. நடுவில் "இந்தாம்மா, அந்தக் கம்பியூட்டரப் போட்டுக் காட்டு" என்பார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து போட்டுக் காட்டிவிட்டு அடுப்புக்குத் திரும்புவீர்கள். பகலில் அது துணி போர்த்திக் கிடக்கும். ஒருநாள் லயத்திலிருந்து திரும்பியபோது பார்த்தேன். துணியை விலக்கி, இருண்ட திரைக்கு முன் உட்கார்ந்து, உயிரில்லாத விசைகளை வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் வந்ததுகூடத் தெரியவில்லை. சத்தம் போடாமல் வெளியே போய் நின்றேன்.

அடுத்த மாதம் அண்ணனை வேலை விஷயமாகக் கோலாலம்பூருக்கு அனுப்பினார்கள். அவர் பஸ் ஏறிய மறுநாளே, கோலா தெர்லாவிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லோரியை நிறுத்தி வைத்திருந்தீர்கள். கணினியைக் கம்பளியில் சுற்றி, முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே வைத்தோம். திரையை மட்டும் உங்கள் மடியில் வைத்துக்கொண்டீர்கள். ஒவ்வொரு வளைவிலும் நான் திரும்பி மூட்டைகளைப் பார்த்துக்கொண்டேன்.

"அண்ணே கேட்டா என்னா சொல்றது அண்ணி?"

"நான்தான் கொண்டு போனேன்னு சொல்லு. நீ துணைக்கு வந்த, அவ்ளோதான். பேசாம வா லா."

தவுக்கே பெரியதைப் புரட்டிப் பார்த்தார், பிறகு அந்தச் சின்னதைக் காட்டினார். புதுசைக் கொடுத்துப் பழசை எடுக்கும் ஆளை அவர் பார்த்ததே இல்லை போலும். பழைய கேள்வியையே மறுபடி கேட்டார். யாருக்கு? நீங்கள் மலாயில் 'நான்' என்ற பொருளில் "சாயா" என்றீர்கள். எனக்கு என்று நீங்கள் எதையும் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. கடையை விட்டு வெளியே வந்ததும் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டீர்கள். கடைகளின் முன்னே ஓடும் ஐந்தடிப் பாதையிலேயே நின்று மூடியைத் திறந்து பார்த்தீர்கள்.

அண்ணன் திரும்பி வந்து, கூடத்தில் வெறுமையாகக் கிடந்த மேசையைப் பார்த்தார். கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. பல நாள் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். பிறகு ஒருநாள் வாசலில் யாரிடமோ, "இப்ப மடக்குற மாடல்தான் புதுசு, அதான் மாத்திட்டேன்" என்று சொல்வது கேட்டது. குசினியில் வாயைப் பொத்திக்கொண்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அதன்பின் பகல்கள் மாறின. லயத்துப் பிள்ளைகளின் வேலை விண்ணப்பங்கள், பக்கத்து டவுன் தானா ராத்தா உணவுக்கடைகளின் விலைப்பட்டியல் எல்லாம் குசினியிலேயே தயாராகி, டவுனில் அச்சாகி வந்தன. ஈப்போவில் ஒரு கிளினிக்கில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னிடம் கேட்காமலே எனக்கும் ஒரு விண்ணப்பம் தட்டி அனுப்பினீர்கள். வேலை கிடைத்தது. அண்ணன் முறைத்தார்.

"அவ போகட்டுங்க" என்றீர்கள், குரலைத் தாழ்த்தாமல்.

"அப்புறம் நீயும் போறேம்பியா?"

"நான் எங்க போறேன்."

நான் வேலைக்குக் கிளம்பும் நாளில் ஈப்போ வரை துணைக்கு வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். புடவைகூட எடுத்து வைத்திருந்தீர்கள். அன்று பார்த்து, தோட்ட மேலாளரான துரை மதியச் சாப்பாட்டுக்கு நம் வீட்டுக்கு வருகிறார் என்று அண்ணன் ஆள் அனுப்பினார். புடவையை மடித்து உள்ளே வைத்துவிட்டு அரிசி களையப் போனீர்கள். நான் தனியாகத் தானா ராத்தாவில் பஸ் ஏறினேன்.

பிறகு நான் கல்யாணம் செய்தேன், பிள்ளை பெற்றேன், மூன்று ஊர் மாறினேன். நீங்கள் அந்தக் கிராணி வீட்டிலேயே இருந்து, அண்ணன் ஓய்வு பெறுவதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டீர்கள்.

நான் தனியாகப் பஸ் ஏறிய அன்றைக்கு ஓட்டுநர் கதவைச் சாத்தும்வரை, பக்கத்தில் உட்கார வந்த இரண்டு பேரிடம் ஆள் வருகிறது என்று சொன்னேன் அண்ணி. இன்றும் தூரப் பயணம் போகும்போது பஸ் கிளம்பும்வரை என் பையை மடியிலேயே வைத்திருக்கிறேன். பக்கத்து இருக்கையில் வைக்கக் கை வருவதில்லை.

செல்வி