கிளட்சும் பால் பாத்திரமும்

என்னங்க,

கிளம்பியவள் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். நாற்றுத் தட்டுகளை ஏற்றிவிட்டு பிக்கப்பை எடுத்தேன். கிளட்சை மிதிக்க வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டேன். அதுவோ பூப்போல இறங்கியது. என் இடது முழங்கால் முனகவே இல்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கள் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தது இதற்குத்தானா? கிளட்ச் கேபிளை எனக்காக மாற்றுவதாக ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? பழைய எஞ்சின் ஆயிலை என் பால் பாத்திரத்தில் பிடித்ததைப் பார்த்து, "உங்க வண்டியையே கட்டிக்கிட்டு அழுங்க!" என்று நேற்று கத்தினேன். அப்போதுகூட, "பாத்திரத்தை எடுத்தது தப்புதாம்மா" என்றுதானே சொன்னீர்கள்.

கத்தியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி பாத்திரத்துக்கு.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். பதினோரு மணிக்கு டயர்க்காரர் ஸ்டெப்னியோடு வருவார், தூங்கிவிடாதீர்கள். கிரீஸ் கையோடு என் துண்டைத் தொட வேண்டாம். கிழிந்த துணி வாளியில் இருக்கிறது.

முழங்கால் சார்பிலும் நன்றி.

பி.கு.: வண்டியின் பின்கதவு நட்டு போல்ட்டுகளைச் செய்தித்தாளில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தீர்களே, ஆத்திரத்தில் அத்தனையையும் ஒரே டப்பாவில் அள்ளிப் போட்டது நான்தான். சாயங்காலம் வந்து நானே பிரித்துத் தருகிறேன்.

இன்னொன்று. பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கையைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். அதன்மேல் நகப்பூச்சால் 'ஆயில்' என்று எழுதிவிட்டேன். இனி பாத்திரம் உங்களுடையது. வண்டி நம்முடையது.