பேசாத கட்டை

ஞாயிறு, ஆகஸ்ட் 17

கோயில் ஆர்மோனியத்தைப் பழுது பார்த்துக் கொண்டுவந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் இலுப்பூரில் உபதேசியாராக இருந்தபோது பலா மரத்தில் தன் கையால் செய்தது. ஒரு கட்டை மட்டும் அவர் சாகும்வரை பேசவே இல்லை. எத்தனையோ தடவை பிரித்துப் பார்த்து அலுத்துப்போய், அந்தச் சுரமே வராமல் பாட்டுக் கட்ட ஆரம்பித்தார். அவருடைய எல்லாப் பாட்டும் அப்படித்தான்.

ஆராதனைக்கு வாசிக்கும் ஸ்டெல்லா, "இப்ப எல்லாக் கட்டையும் பேசுதுங்கம்மா" என்று சொல்லி, அவர் பாட்டிலேயே அந்தச் சுரத்தையும் சேர்த்து வாசித்தாள். நல்லாத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

முந்தியெல்லாம் அந்த இடத்தில் அவர் விரல் கட்டையைத் தாண்டும். என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

இன்றைக்கு அங்கே சுரம் கேட்டது. பழக்கத்தில் சிரித்துவிட்டேன்.