காயத்ரியின் வளைகாப்பில் எனக்குத் தெரிந்தது

புதுவாயல்,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பவானி அப்பாவுக்கு,

ஜோதிலட்சுமி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். புனேயில் உங்கள் உடம்பும் வேலையும் நன்றாக இருக்க வேண்டும் என்று இதை எழுதும்போதும் வேண்டிக்கொள்கிறேன். கோபத்தில் இருக்கிறவளுக்கு வேண்டுதல் எதற்கு என்று கேட்காதீர்கள். பழக்கதோஷம்.

அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஏரிக்கரை நிலத்தில் நடவு முடிந்தது. ஆள் கிடைக்காததால் உங்கள் தம்பி மணிகண்டன் மெஷின் வைத்து நட்டார். பவானி, ஸ்கூல் வேன் ஹாரன் அடிப்பதற்கு முன்பே ஷூ போட்டுக்கொண்டு நிற்கிறாள். அப்பா எங்கே இருக்கிறார் என்று மிஸ் கேட்டதற்கு, போனுக்குள்ளே என்று சொன்னாளாம்.

எதற்கு இந்தக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் கேட்டால், ‘இரு, சூப்பர்வைசர் கூப்டறாரு’ என்று வைத்துவிடுவீர்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுத் தூங்கப் போவீர்கள். இல்லையென்றால் ‘ஜோதிம்மா’ என்று இழுத்துக் கூப்பிடுவீர்கள், நானும் உருகிப்போய் கேட்க வந்ததை விட்டுவிடுவேன். கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் நடக்கிறது. அதனால் பேப்பரில் எழுதி, உங்கள் கம்பெனி சந்திரமோகன் அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள்.

போன வாரம் உங்கள் தம்பி மனைவி காயத்ரிக்கு வளைகாப்பு நடந்தது. வீடியோ காலில் நீங்கள் பார்த்தது கொஞ்ச நேரம்தான். சீர்த்தட்டு, சாப்பாடு எல்லாவற்றுக்கும் நான்தான் ஓடினேன். என் தங்கைக்குச் செய்வதுபோல் ஆசையாகத்தான் செய்தேன். அத்தை சந்தனம் பூசி முடித்ததும், மூத்த மருமகள் என்ற முறையில் நான் வளையலை எடுத்தேன். பொன்னேரி பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ‘நீ கடைசியா போட்டுக்கம்மா. புள்ளையே வாணாம்னு ஆபரேஷன் பண்ணிக்கினவ மொத வளையலு போட்டா நல்லாவா இருக்கும்?’ என்று அத்தனை பேர் நடுவில், குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னார்.

வேறு யாரையோ சொல்கிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. காயத்ரிதான், ‘அக்காவே போடட்டும் பெரிம்மா’ என்று தன் கையை நீட்டினாள். போட்டேன். போடும்போது ஒரு வளையல் உடைந்தது. பெரியம்மா அதற்கும் உச்சுக் கொட்டினார்.

விருந்தாளிகள் போன பிறகு அத்தையிடம் கேட்டேன். பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே, ‘இன்னா ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறே, நீ பண்ணிக்கினதுதானே’ என்றார். பவானி பிறந்தபோது ஆஸ்பத்திரியிலேயே நான் பிடிவாதம் பிடித்துக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டேனாம். ஒன்று போதும், இனிமேல் என்னால் ஆகாது என்றேனாம். ‘எம் புள்ள தலைய குனிஞ்சிகினு வந்து சொன்னான். அவன் மூஞ்சிக்காகத்தான் ஒன்ன ஒரு வார்த்த கேக்கல’ என்றார். கேட்கவில்லைதான். ஆனால் இத்தனை வருஷமாக எனக்கு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. நான் கம்பெனி வேலைக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நானாக ஒரு காரணம் வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுகூட உங்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்றால் நம்புவீர்களா? நீங்கள் அன்று என்னிடம் சொன்னபடி, இன்னொரு குழந்தை கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், இருந்தும் பேரன் வேண்டும் என்று அம்மா பிடுங்கி எடுப்பார், அதைத் தடுக்கத்தான் இவர் ஒரு பொய் சொல்லியிருக்கிறார் என்று உங்களுக்காக நானே வக்கீலாக நின்றேன். பழியை என் தலையில் போட்டதுதான் சுருக்கென்றது. சரி, டாக்டர் வாயாலேயே அத்தை கேட்கட்டும் என்று லீவு போட்டுவிட்டு, அத்தையையும் அழைத்துக்கொண்டு சென்னைக்கு, பவானி பிறந்த அன்றைக்கு ரத்தம் நிற்காமல் போன என்னைக் காப்பாற்றிய அருணா டாக்டரிடமே போனேன்.

பார்த்ததும் அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. சோழவரத்திலிருந்து ஆம்புலன்சில் வந்த பெண்தானே என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். ‘குழந்தையே கூடாதுன்னு நான் எப்பம்மா சொன்னேன்?’ என்று கேட்டார்.

அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன், நீங்கள் மறந்திருக்கலாம். ஒரு பிரசவத்தில் அப்படி ரத்தம் போனவளுக்கு, அடுத்ததிலும் போக மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். போகாமலும் இருக்கலாம். யாரும் எழுதித் தர முடியாது. ஆனால் போகலாம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அதற்குத் தயாராக இருக்கலாம். கர்ப்பம் ஆவதற்கு முன்பே ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஆரம்பத்திலிருந்தே பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்து வைப்பார்கள். பிரசவமும் ரத்த வங்கி இருக்கிற இடத்தில்தான், ரத்தத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று முறை பார்த்து, அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன நர்சிங் ஹோமில் நாம் சேர்ந்தோமே, அங்கே ஒரு பாட்டில் ரத்தம் கிடையாது. முறையைப் பார்த்த நாம் எல்லோரும் அதை மட்டும் பார்க்கவில்லை. ‘இதெல்லாம் உன் வீட்டுக்காரரை உட்கார வச்சு சொன்னேனே, தலையாட்டிக்கிட்டே கேட்டாரே’ என்றார் டாக்டர்.

நீங்கள் தலையாட்டும் அழகு எனக்குத் தெரியும். என்னிடம் வந்து, டாக்டர் கூடாது என்றுவிட்டார் என்றீர்கள். உங்கள் அம்மாவிடம் போய், ஜோதி வேண்டாம் என்றுவிட்டாள் என்றீர்கள். எங்கள் கம்பெனியில் ஒரு பார்ட்டை ரிஜெக்ட் என்று ஒதுக்கி அதன்மேல் சிவப்புச் சீட்டு ஒட்ட வேண்டுமென்றால், கையில் எடுத்து அளந்து பார்த்தவள்தான் ஒட்ட முடியும். ஒரு இரும்புத் துண்டுக்குக் கிடைக்கிற அந்த மரியாதை எனக்கு உங்களிடம் கிடைக்கவில்லை.

எது என் தூக்கத்தைக் கெடுக்கிறது தெரியுமா? இரண்டாவது கொடுக்க முடியாதவளாகிவிட்டேனே என்று நான் உங்களிடம் எத்தனை முறை அழுதிருக்கிறேன். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக்கூடக் கேட்டேன். ‘விடு ஜோதி, நமக்கு பவானி போதும்’ என்று என் தலையைத் தடவினீர்கள். நான் செய்யாத குற்றத்துக்கு என்னை மன்னித்தீர்கள். எப்பேர்ப்பட்ட மனுஷனைக் கட்டியிருக்கிறோம் என்று கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடமெல்லாம் பெருமை பேசினேன். பவானியின் தொட்டில், சின்னச் சட்டைகள், எண்ணெய்க் கிண்ணம் வரை எல்லாவற்றையும் துவைத்து மடித்துக் காயத்ரியிடம் கொடுத்தபோது நீங்கள் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நல்ல மனசு உனக்கு என்றீர்கள். வாயில் என்ன இருந்தது அப்போது?

சோழவரம் போய் அம்மாவைக் கேட்டேன். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. ‘மாப்ள எங்கைய புடிச்சிகினு கொழந்த மாதிரி அழுதாரும்மா. மறுபடி ஒன்ன அப்டி பாக்க அவரால ஆவாதுன்னாரு. பெத்தவ நான் இன்னா சொல்லுவேன்?’ என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கிறீர்கள், சேர்ந்து முடிவு செய்திருக்கிறீர்கள். நான் அடுத்த அறையில்தானே படுத்திருந்தேன்.

அந்த ரத்தத்தை நான் பார்க்கவில்லை, மயக்கத்தில் இருந்தேன். நீங்கள்தான் பார்த்தீர்கள். ரத்தம் கொடுக்க ஆள் கேட்டு ஷிப்டில் இருந்தவர்களையெல்லாம் போனில் கூப்பிட்டுக் கெஞ்சியதைச் சந்திரமோகன் அண்ணன் இப்போதும் சொல்வார். நீங்கள் பயந்ததற்காக ஒரு நாளும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொல்லியிருந்தால், இன்னொன்று வேண்டாம் என்று நானே சொல்லியிருப்பேனோ என்னவோ. அதற்கு நீங்கள் இடம் கொடுக்கவில்லை.

இங்கே இப்போது கதையே மாறிவிட்டது. டாக்டர் சொன்னதைக் கேட்டதும் அத்தை பஸ்ஸில் வழி முழுக்க என் கையை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கொண்டாகிவிட்டது. பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையுமாக எனக்குத் தனிக் கவனிப்பு. ‘அவன் தீபாவளிக்கு வரட்டும், அடுத்த வருஷம் ஒரு பேரன பாத்துடணும்’ என்று பொன்னேரிக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷம் கிடைக்காத அன்பு கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. நீங்கள் என்னைக் கேட்காமல் கதவைச் சாத்தினீர்கள். அவர் என்னைக் கேட்காமல் திறந்து உள்ளே தள்ளுகிறார்.

எனக்கு வேண்டுமா என்றால், எனக்கே இன்னும் சரியாகத் தெரியவில்லை. காயத்ரியின் வயிற்றில் கை வைத்து அசைவு பார்க்கும்போது வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பவானிக்குத் தலை பின்னிவிடும்போது, நான் இல்லாமல் போனால் இந்த முடியை யார் இப்படிப் பார்த்துப் பார்த்துச் சிக்கெடுப்பார்கள் என்று பயம் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் உண்மைதான். இதை யாரிடம் சொல்வது? சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான். உங்கள்மேல் இவ்வளவு கோபம் இருந்தும் வேறு யார் முகமும் நினைவுக்கு வரவில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

தீபாவளிக்கு வரும்போது கூட இரண்டு நாள் லீவு கேளுங்கள். முதலில் பொன்னேரிக்குப் போய், ஜோதி எந்த ஆபரேஷனும் செய்துகொள்ளவில்லை, நான் சொன்னது பொய் என்று பெரியம்மாவிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். பிறகு அருணா டாக்டர் முன்னால் என் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். உங்கள் பயம் எதுவானாலும் அங்கே சொல்லுங்கள், நானும் கேட்கிறேன். அதுவரைக்கும் ரத்தம் ஊற டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடுகிறேன். யாருக்காகவும் இல்லை, என் ரத்தம் எனக்கு வேண்டும் என்பதற்காக.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வண்டியில் போகும்போது ஹெல்மெட் போடுங்கள். பெரியபாளையத்தாள் உங்களுக்கு நல்ல உடம்பையும், உண்மை சொல்லும் தைரியத்தையும் கொடுக்கட்டும். புடவை, ஸ்வீட் எதுவும் வாங்கி வராதீர்கள். வந்து என் முகத்தைப் பார்த்து, ஜோதி, உனக்கு வேணுமா என்று ஒரு முறை கேளுங்கள். நான் ஆம் என்பேனோ, இல்லை என்பேனோ, அழுவேனோ தெரியாது. நான் சொல்லி முடிக்கும்வரை எழுந்து போய்விடாதீர்கள்.

இன்னும் உங்கள் மனைவியாகவே இருக்கும்,
ஜோதிலட்சுமி