வக்கீல் காரில் இறங்கிய கூட்டம்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் அவளுடைய தேனீக்களும் நலம், நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் எங்களுக்கு அதுவே போதும். என் பல்வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு, உன் அம்மா செய்ததை எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பூக்கிற பருவத்தில் கூட்டில் புது ராணிக்கு அறை கட்டுகின்றனவா என்று அவள் வாராவாரம் பெட்டியைத் திறந்து பார்ப்பாள், கட்டியிருந்தால் கிள்ளி எறிவாள், இல்லாவிட்டால் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடுமாம். அவள் காய்ச்சலில் படுத்த வாரம் என்னைப் பார்க்கச் சொன்னாள். நானாவது, திறப்பதாவது! பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு எல்லாம் சௌக்கியம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுத்த வீட்டு வக்கீல் காரின் பக்கக் கண்ணாடியில் பூசணிக்காய் பருமனுக்குத் தேனீக்கள் தொங்குகின்றன. மருந்தடிக்கிற ஆளுக்கு போன் பண்ணிட்டேன், வந்து மொத்தமா கொன்னுடுவான் என்று அவர் குதிக்கிறார். அன்றுதான் எழுந்து நடமாடிய உன் அம்மா, அவன் வர்றதுக்குள்ள நான் எடுத்துடறேன், சத்தம் போடாம தள்ளி நில்லுங்க சார் என்றாளே பார்க்கலாம், கோர்ட்டில் முழங்குகிற மனுஷன் தன் வாசற்படிக்கே பின்வாங்கிவிட்டார். ஒரு அட்டைப்பெட்டி, ஒரு பெயின்ட் பிரஷ், அவ்வளவுதான். வாரி உள்ளே தள்ளினாள், கொஞ்ச நேரத்தில் எல்லாம் திரும்பக் கண்ணாடிக்கே போய்விட்டன, ராணி உள்ளே விழவில்லையாம். தெருமுனையில் மருந்துக்காரன் வண்டி தெரிந்தது, சீக்கிரம் சீக்கிரம் என்று நான் கத்துகிறேன். அவளோ பதறாமல் கண்ணாடி இடுக்கில் மெல்ல ஒதுக்கி ஒதுக்கி ராணியைக் கண்டுபிடித்துப் பெட்டிக்குள் விட்டாள். உடனே மிச்சமெல்லாம் யாரும் கூப்பிடாமலே பின்னால் நடந்து போயின. மருந்துக்காரன் பம்பைக் கீழே வைத்துவிட்டு, உங்களுக்கு ஒரு கும்பிடும்மா என்றான். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் இவள் இவ்வளவு பெரிய ஆள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே!

கட்டின வீட்டையும் சேர்த்த தேனையும் விட்டுவிட்டு அந்த ராணி ஏன்தான் கிளம்பியதோ என்று சாயங்காலம் கேட்டேன். இதுங்கள்ல அம்மாதான் பொண்ணுக்கு வீட்டை விட்டுட்டுப் போகும், நம்ம வீட்டுலதான் தலைகீழா நடந்துடுச்சு என்றாள். இப்போது இரண்டு பெட்டி ஆகிவிட்டது, தேனடைக்கான மரச்சட்டம், முகத்து வலை, கையுறை எல்லாம் என் கட்டிலடியில்தான் கிடக்கின்றன. உன் அறையில் வைக்கலாமே என்றால் சண்டைக்கு வருகிறாள், அவ திடீர்னு வந்து நின்னா எங்க படுப்பா என்கிறாள்.

தீர்க்காயுசாக, நோய்நொடி இல்லாமல் இரு கண்ணு. லீவு எப்போது என்று மறக்காமல் எழுது, அதை அவள் பெயருக்கே எழுது.

உன் அப்பா