டெல்ஃபின் டிசம்பர்

செப்டம்பர் 1

காலையிலேயே எதிர்க்கடை அக்கா மனாங் புரிங் கிறிஸ்துமஸ் பாட்டைப் போட்டுவிட்டாள். செப்டம்பர் பிறந்தால் போதும், இந்த ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். இனி நாலு மாதம் இதே மணிச்சத்தம். கத்தரிக்கோலை வீசியெறியலாம் போல வந்தது.

நாற்காலியில் மீன்கார லெட்டி. பாதி முடி வெட்டியிருக்கும்போது பின்கதவு படாரென்று திறந்துகொண்டது. தாழ்ப்பாள் பிடிப்பதில்லை. காற்றுதான் என்று தெரியும். இருந்தும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்துத் தொலைக்கிறேன்.

"இன்னுமா சரி பண்ணல? தச்சன் டோடோங் வரேன்னானே?" என்றாள் லெட்டி.

"அடுத்த வாரம் வரானாம்."

"அவன் அடுத்த வாரமா? அது டெல்ஃபின் டிசம்—"

கண்ணாடியில் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ ரோவேனா, வாய் தவறிடுச்சு."

"தலையை ஆட்டாதே, காது போயிடும்" என்றேன்.

டெல்ஃபின் என் புருஷன். கப்பலில் சமையல்காரர்.

செப்டம்பர் 2

இந்தத் தெருவுக்கு வேறு வேலை இல்லை. எதற்கெடுத்தாலும் ஒரு பேர் வைக்க வேண்டும். குடையை எடுத்துப் போனால் மழை வராதா? அது பேபாங் குடை. சோறு போடும் நேரம் பார்த்து ஒருத்தர் வாசலில் வந்து நின்றால் கப்பித்தான் பசி. அந்தக் கப்பித்தான், பழைய வட்டாரத் தலைவர், செத்துப் பத்து வருடமாகியும் அந்தப் பசி சாகவில்லை. வருகிறேன், செய்கிறேன் என்று அடித்துச் சொல்லிவிட்டு வராமலே இருந்தால் டெல்ஃபின் டிசம்பர்.

முதல் டிசம்பர், அவருக்குப் பதில் வரவேண்டிய சமையல்காரர் கப்பலுக்கு வந்து சேரவில்லை. அடுத்த டிசம்பர் புயல். மூன்றாவதற்கு என்ன காரணம் சொன்னார்? மறந்துவிட்டது. தெருதான் மறக்கவில்லை.

செப்டம்பர் 20

அவர் போனில் பேசினார்! ஒப்பந்தம் நவம்பர் கடைசியில் முடிகிறதாம். "இந்தத் தடவை நிஜமாத்தான் வேனா. கேப்டன்கிட்டயே சொல்லிட்டேன்."

மகள் லிராவின் காலைக் காகிதத்தில் வைத்து வரைந்து படமெடுத்து அனுப்பச் சொன்னார். காலணி வாங்கி வரப்போகிறார். லிரா காலை அசைத்து அசைத்து மூன்று காகிதத்தை வீணடித்தாள். ஆறு வயதுக்கு எவ்வளவு பெரிய பாதம்! அப்படியே அவருடையது.

நம்பலாமா? நம்பாமல் என்ன செய்வது? யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

செப்டம்பர் 21

மனாங் புரிங்கிடம் சொல்லிவிட்டேன். என் வாயைத் தைக்க வேண்டும்.

"அப்படியா இந்தாய் கண்ணு? சந்தோஷம், சந்தோஷம்" என்றாள். உதட்டின் ஓரம் துடித்ததை நான் பார்க்கவில்லையா என்ன?

அக்டோபர் 14

டோடோங் வரவில்லை. கதவு திறந்து திறந்து மூடுகிறது.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். மாமனார் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கும்போது கப்பலிலிருந்து அவர் அழைப்பு வந்தது. குரலே சரியில்லை.

"எஞ்சின் அறைக்குப் புதுசா நம்ம ஊர் ஆள் ஒருத்தன் வந்திருக்கான். பக்கத்து மொலோக்காரன். நேத்து கேப்டன், நாளைக்கு எல்லாரையும் கரைக்கு விடறேன்னாரு. இவன் என் பக்கம் குனிஞ்சு, இது டெல்ஃபின் டிசம்பர்தான்ங்கறான்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அப்படின்னா என்னடான்னேன். விளக்கமா சொல்றான் வேனா. ஊர்ப்பக்கம் எல்லாரும் சொல்றதாம். எவனோ ஒரு கப்பல்காரனாம், பொண்டாட்டி வருஷா வருஷம் வாசல்ல நட்சத்திர விளக்கு கட்டி வெச்சுட்டு உக்காந்திருப்பாளாம். என் பேரும் டெல்ஃபின்னு மத்தவங்க சிரிக்கறாங்க. அது நாந்தான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. நானும் சேர்ந்து சிரிச்சேன்."

"சும்மா விளையாட்டுக்குச் சொல்றது..."

"நீயும் சொல்வியா?"

"சத்தியமா இல்ல. ஒரு தடவைகூட என் வாயில வந்ததில்ல."

அது உண்மை. மெழுகு கையில் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்தத் தெருவுல கால வைக்கறது?" என்றார்.

"வந்து நில்லுங்க. ஒரே ஒரு டிசம்பர் வந்து நின்னா அந்தப் பேரு செத்துடும்!"

லிரா போனைப் பிடுங்கி அப்பாவிடம், "தத்தாய், என் ஷூ சிவப்பா?" என்று கேட்டாள்.

நவம்பர் 3

வெட்கமாம். வராததற்கு வெட்கம், அதனால் வரத் தயக்கமாம். என்ன நியாயம் இது? மூன்று வருடமாக அந்தப் பேரோடு இந்தத் தெருவில் நடக்கிறவள் நான். எனக்கு முகம் இல்லையா? நான் எங்கே ஓடுவது?

டிசம்பர் 4

ஒப்பந்தம் முடிந்திருக்க வேண்டும். இரண்டு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. கப்பல் நடுக்கடலில் இருக்கும். இருக்கட்டும்.

டிசம்பர் 16

விடியற்காலைப் பூசை இன்று ஆரம்பம். ஒன்பது நாளும் விடாமல் போனால் வேண்டியது கிடைக்கும் என்பார்கள். போனேன். நட்சத்திர விளக்கையும் கட்டிவிட்டேன். கட்டாவிட்டால் அதற்கும் ஏதாவது பேர் வைப்பார்கள். லெட்டி என் பக்கத்தில் வந்து முழங்காலிட்டாள்.

டிசம்பர் 19

அவர் அனுப்பிய பெட்டி வந்துவிட்டது.

லாரிக்காரன் வாசலில் இறக்கியதுமே தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஆள் வருவதானால் பெட்டி எதற்கு? மனாங் புரிங் பாட்டை நிறுத்திவிட்டு உள்ளே போனாள்.

சோப்பு, டப்பா இறைச்சி, சாக்லேட், எனக்கு ஒரு கைப்பை. அடியில் லிராவுக்குச் சிவப்புக் காலணி. ஒரு ஜோடி அல்ல, மூன்று. ஒன்று காகிதத்தில் வரைந்த அளவுக்குக் கச்சிதம். இன்னொன்று ஒரு விரல்கடை பெரிது. மூன்றாவது அதையும்விடப் பெரிது.

லிரா குதிக்கிறாள். "மூணு! நனாய், மூணு!"

அடுத்த வருடத்துக்கு ஒன்று, அதற்கடுத்த வருடத்துக்கு ஒன்று. மனுஷன் கணக்குப் போட்டு வாங்கியிருக்கிறார். கடைக்காரியிடம் என்ன சொல்லிக் கேட்டிருப்பார்? படுபாவி. படுபாவி. இப்படி அமைதியாவா சொல்லுவ? வாயத் தொறந்து வரமாட்டேன்னு சொல்லேன்யா, ஒரு தடவை அழுதுட்டுப் போறேன்!

டிசம்பர் 20

பூசைக்குப் போகவில்லை. நாலு நாளோடு சரி.

டிசம்பர் 24

லிராவுக்குப் பன்றி இறைச்சியும் இனிப்பு நூடுல்ஸும் செய்தேன். அவள் காலணியோடு தூங்கிவிட்டாள்.

பிப்ரவரி 11

ஒரு குறுஞ்செய்தி. வேறு கப்பலில் மறுபடி கையெழுத்துப் போட்டிருக்கிறாராம். உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுதியிருக்கிறார். டிசம்பர் என்ற சொல்லே இல்லை.

மே 6

ஒன்று கவனித்தேன். தெருவில் யாரும் அதைச் சொல்வதில்லை. இன்று லெட்டி நாற்காலியில் உட்கார்ந்து தன் மருமகனின் வாய்ச்சவடாலைப் பற்றி ஒரு மணிநேரம் திட்டினாள், அந்தப் பேர் வரவே இல்லை. நானும் வரும் வரும் என்று காத்திருந்தேன். எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள், புருஷனைப் புதைத்துவிட்டு வந்தவளிடம் பேசுவது போல. கேலி செய்தபோதுகூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இல்லை. அவர் வருவார் என்று அவர்களும் கொஞ்சம் நினைத்திருந்தார்கள் போல.

செப்டம்பர் 1

மறுபடி பாட்டு. லிரா இரண்டாவது ஜோடிக்கு மாறிவிட்டாள்.

உப்பு வாங்கப் போனேன். மனாங் புரிங் டோடோங்கைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"என் கடைப் பலகையை எப்படா அடிச்சுத் தருவே?"

"அடுத்த வாரம் மனாங், கண்டிப்பா."

"உன் அடுத்த வாரம் எனக்குத் தெரியாதா? இது டெல்—" என்னைப் பார்த்துவிட்டாள். "இது... வெறும் பேச்சு" என்றாள்.

"டெல்ஃபின் டிசம்பர்" என்றேன் நான். "சொல்லுங்க மனாங். அதுதானே பேரு?"

யாரும் சிரிக்கவில்லை. டோடோங் தலையைக் குனிந்துகொண்டான். உப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மத்தியானம் சுத்தியலும் புதுத் தாழ்ப்பாளுமாக டோடோங் பின்பக்கம் வந்து நின்றான். பலகைக்குப் போகவில்லை, இங்கே வந்திருக்கிறான். ஒரு வருடமாக வராதவன். காப்பி வேண்டாம் என்றான். வேலை முடிந்ததும் கதவை இரண்டு முறை தள்ளிப் பார்த்து, "இனிமே தானா திறக்காது மனாங்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் நல்ல காற்று. கதவு அசையவில்லை. லிராவின் தலையைப் பின்னி முடித்தேன், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.