வியாழக்கிழமைத் தெளிவு

என் வீட்டுக்காரிக்கு,

நர்ஸம்மா இதை உன் கையில் கொடுக்கும்போது நான் உன் எதிரே தூங்கிக்கொண்டிருப்பேன். எழுப்பாதே. முதலில் உட்கார், உன் முழங்கால் பாடு எனக்குத் தெரியும்.

ஜன்னலோரக் கட்டிலுக்கு என்னை மாற்றிவிட்டார்கள். அது எப்படிக் காலியானது என்று கேட்காதே.

போன வாரம் டாக்டரிடம் சொன்னாயே, "நான் வர்ற வியாழக்கிழமையெல்லாம் மனுஷன் தெளிவா இருக்காரு. மத்த நாள்ல அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறாராம். அந்த வலி மருந்தைக் குறைங்க டாக்டர்" என்று. அவர் என்னைப் பார்த்தார். நீ பக்கத்திலேயே நின்றாய். தலையாட்டித் தொலைத்தேன். குறைத்துவிட்டார்கள்.

கோபப்படாமல் படி. வியாழக்கிழமை காலையில் மட்டும் அந்த மருந்தை வேண்டாம் என்றுவிடுவேன். உன்னோடு இரண்டு மணி நேரம் பேச வேண்டுமே! போர்வைக்குள் என் கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது உனக்குத் தெரியாது. "பத்துக்கு எவ்வளவு வலி?" என்று நர்ஸம்மா கேட்டால் உன் முன்னால் "ரெண்டு" என்பேன். உண்மையில் ஒன்பது.

இந்த வாரம் எனக்கு எல்லா நாளும் வியாழக்கிழமையாகிவிட்டது. நேற்று டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். மறுபடி பழைய அளவே கொடுக்கிறார்கள், இனி வியாழக்கிழமையும் சேர்த்து.

"நாப்பது வருஷத்துல என்னை ஒரு வார்த்தை பேச விட்டீங்களா?" என்பாயே. இனி பேசு, குறுக்கே வர மாட்டேன். கையை மட்டும் போர்வைக்கு வெளியே வைத்துவிட்டுத் தூங்குகிறேன்.

இப்படிக்கு,
உன் முசுடு