அடுத்த அறையில் கோரின்

பிப்ரவரி 4
என் மனைவி ஜெனெல் இறந்து பதினாறு நாள். கோரின் இன்றும் வாய் திறக்கவில்லை. தொண்டை வலி என்று பள்ளிக்கு எழுதிக் கொடுத்தேன். எட்டு வயது மகளுக்கு எத்தனை நாள்தான் தொண்டை வலிக்கும்?

பிப்ரவரி 7
அடக்கத்தை நடத்தியவர்கள் தந்த உறைக்குள் ஒரு தாள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு நெப்ராஸ்கா மாநிலத்தில் கிடைக்கும் உதவிகள், மாவட்ட வாரியாகப் போன் எண்கள். 'மாநிலம்' என்ற சொல்லைத் தாண்டிக் கண் போகவில்லை. என் அம்மா இறந்த வருஷம் அப்பாவும் உதவி கேட்டுத்தான் போன் செய்தார். மறுவாரம் மாநில அரசின் முத்திரை போட்ட கார் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு வருஷம் யார் யார் வீட்டிலோ வளர்ந்தேன்.

கோரினையும் கொண்டுபோயிட்டா? நான் என்ன பண்ணுவேன்?

பிப்ரவரி 11
அந்தத் தாளில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். பெண் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். மூன்று தடவை.

பிப்ரவரி 12
பக்கத்துப் பண்ணை ஆர்லின் தன் பாத்திரத்தை வாங்கிப்போக வந்தார். துக்க வீட்டுக்கென்று ஊரார் சமைத்து அனுப்பிய ஏழு பாத்திரங்களும், அடியில் ஒட்டிய பெயரோடு, கழுவாமலே கிடக்கின்றன. கோரினிடம் ஏதோ கேட்டார். தொண்டை வலி என்றேன். அவர் என்னையே பார்த்தார்.

"நேத்து மூணு தடவை போன் பண்ணி வச்சது நீதானே, டேல்? போன்ல உன் நாய் குரைக்கிறது எனக்குத் தெரியாதா?"

செவ்வாய்க்கிழமைகளில் அந்தப் போனை எடுப்பது அவராம். யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டேன். யாரிடமும் இல்லை, சொந்தங்களை இழந்தவர்கள் கூடிப் பேச சர்ச்சின் கீழ்த்தளத்தில் நாங்களே நடத்தும் கூட்டம் அது, மாநில அரசு தாளை அச்சடிப்பதோடு சரி என்றார். நம்புவதா?

பிப்ரவரி 18
ஆர்லின் சொன்ன கூட்டம் நாளைக்கு. போக வேண்டாம் என்றிருக்கிறேன்.

பிப்ரவரி 19
போனோம். பிள்ளைகள் ஒரு அறை, பெரியவர்கள் ஒரு அறை. அதுதான் அங்கே வழக்கமாம் — முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாம். யாரோ ஒரு பெண் கோரினைக் கைபிடித்துக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். எதிரே ஒருவர் இறந்துபோன தன் மகனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. அந்த அறைக்கு வேறு வாசல் இருக்குமோ? பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டேன்.

தரையில் வட்டமாக ஆறேழு பிள்ளைகள். எல்லோரும் கோரினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பினாள்.

"கதவச் சாத்துப்பா. அம்மாவப் பத்திச் சொல்லிட்டிருக்கேன்."

சாத்தினேன். சுவரில் சாய்ந்து, கூட்டம் முடியும் வரை அங்கேயே நின்றேன்.